அம்மாவைக் கவனிக்க ஆள் வைத்த செலவைக் காப்பீடு தருமா?

கேள்வி: நானும் கணவரும் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறோம். புதுச்சேரி வில்லியனூரில் தனியாக இருந்த என் அம்மாவுக்கு (வயது 72) ஐந்து மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்தது. புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் பதினொரு நாட்கள் வைத்திருந்தோம். என் அலுவலகக் குழுக் காப்பீட்டில் அம்மாவின் பெயரும் இருந்ததால் பில்லில் பெரும்பகுதி கிடைத்தது. இப்போது எங்களோடு இருக்கிறார். வலது கையும் காலும் இன்னும் சரியாகவில்லை. பகலில் பார்த்துக்கொள்ள ஒரு பெண்மணியை வைத்திருக்கிறோம். மாதம் 15,000 ரூபாய் கொடுக்கிறோம். டயப்பர், பிசியோதெரபி செலவு தனி. எல்லாவற்றுக்கும் சேர்த்து கிளெய்ம் அனுப்பினேன், நிராகரித்துவிட்டார்கள். இந்தச் செலவைத் தருகிற பாலிசி ஏதாவது இருக்கிறதா? அம்மாவுக்குப் புதிதாக ஒன்று எடுக்கலாமா?

பதில்: முதலில் கசப்பான பதிலைச் சொல்லிவிடுகிறேன். குளிப்பாட்ட, உடை மாற்ற, சாப்பாடு ஊட்ட, எழுந்து நடக்கக் கைத்தாங்கலாக இருக்க ஒருவரை வீட்டில் வைத்தால், அந்தச் சம்பளத்தை நம் நாட்டின் வழக்கமான மருத்துவக் காப்பீட்டு பாலிசிகள் தருவதில்லை. உங்கள் நிறுவனம் மட்டும் இப்படிச் செய்யவில்லை. எந்த நிறுவனத்தின் பாலிசியை எடுத்தாலும் விலக்குகள் என்ற பகுதி இருக்கும். அதில் ‘விலக்கு 05’ என்று எண் இட்ட பத்தியைத் தேடிப் படியுங்கள். ஓய்வு, மறுவாழ்வு, வீட்டிலோ இல்லத்திலோ அன்றாடத் தேவைகளுக்கு உதவும் பராமரிப்பு ஆகியவற்றுக்குப் பணம் இல்லை என்று எழுதியிருக்கும். உதவி செய்பவர் பயிற்சி பெற்ற செவிலியரா, சாதாரண ஆளா என்பது கணக்கில்லை. இந்த விலக்குகளின் வாசகத்தைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமே தரப்படுத்தியிருப்பதால் நிறுவனம் மாறினாலும் வரிகள் மாறுவதில்லை. டயப்பரும் அப்படியே. ‘வழங்கத்தகாத பொருட்கள்’ பட்டியலில் அதன் பெயர் நேரடியாகவே இருக்கிறது.

காப்பீடு சிகிச்சைக்குத்தான் பணம் தருகிறது, பராமரிப்புக்கு அல்ல. நோயாளியின் வீட்டில் இந்த இரண்டும் ஒரே செலவாகத்தான் தெரியும். பாலிசியில் அவற்றுக்கு நடுவே ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோடு எங்கே விழுகிறது என்று தெரியாமல் பணத்தையும் நிம்மதியையும் இழந்த குடும்பங்களை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

ஆனால் உங்கள் கடிதத்தில் ஒன்று என் கண்ணில் பட்டது. ஆள் சம்பளம், டயப்பர், பிசியோதெரபி மூன்றையும் ஒரே கட்டாக அனுப்பியிருக்கிறீர்கள். முதல் இரண்டும் கோட்டுக்கு அந்தப் பக்கம். பிசியோதெரபி அப்படியல்ல. பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பிறகும் 60 நாட்கள் வரை, அதே நோய் தொடர்பான மருந்து, பரிசோதனை, மருத்துவர் எழுதிக்கொடுத்த பிசியோதெரபி ஆகியவற்றுக்குப் பணம் தருகின்றன. உங்கள் பாலிசியில் அது எத்தனை நாள் என்று அலுவலக மனிதவளப் பிரிவில் கேளுங்கள். டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் ‘பிசியோதெரபி தொடர வேண்டும்’ என்ற வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால், அன்று சிகிச்சை தந்த நரம்பியல் மருத்துவரிடம் நடந்ததை நடந்தபடி குறிப்பிட்டு ஒரு சான்று கேட்டு வாங்குங்கள். அந்த நாட்களுக்குள் வரும் பில்களை மட்டும் பிரித்து, தேதி வரிசையில் அடுக்கித் தனியாக அனுப்புங்கள். கிளெய்ம் அனுப்பும் காலக்கெடு தாண்டிவிட்டதே என்று தயங்க வேண்டாம். தாமதத்துக்கு நியாயமான காரணம் இருந்தால், தாமதத்தை மட்டும் காரணம் காட்டி உண்மையான கிளெய்மைத் தள்ளக் கூடாது என்று ஆணையம் 2011-லேயே நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. ‘பக்கவாதம் வந்த தாயைக் கவனித்துக்கொண்டிருந்தேன்’ என்பதைவிட நியாயமான காரணம் என்ன வேண்டும்?

அடுத்து, புதிய பாலிசி. 65 வயதுக்கு மேல் புதிதாக எடுக்க முடியாது என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். 2024 ஏப்ரல் 1 முதல் அந்த வயதுத் தடை நீங்கிவிட்டது. ஆனால் தடை நீங்கியது என்பதற்காக நிறுவனம் கட்டாயம் தர வேண்டும் என்று பொருளில்லை. ஐந்து மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்த 72 வயதுப் பெண்மணியின் விண்ணப்பத்தை மறுக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. ஏற்றுக்கொண்டாலும், ஏற்கெனவே உள்ள நோய்க்கு அதிகபட்சம் 36 மாதங்கள் வரை காத்திருக்கச் சொல்லலாம். மூத்த குடிமக்கள் பாலிசிகள் பலவற்றில் இணைக் கட்டணம் வேறு உண்டு. அதாவது ஒவ்வொரு பில்லிலும் ஒரு பங்கு உங்கள் கையிலிருந்து போகும். இத்தனைக்கும் பிறகு, நீங்கள் கேட்ட ஆள் சம்பளத்தை அந்தப் பாலிசியும் தராது. அந்தப் பிரீமியத்தைத் தனிச் சேமிப்புக் கணக்கில் போட்டு அம்மாவின் பராமரிப்புக்கே பயன்படுத்துவது மேல் என்பது என் கருத்து. எப்படியும் எடுக்கத்தான் வேண்டும் என்றால், பக்கவாதத்தை மறைக்காதீர்கள். ‘அதையெல்லாம் எழுத வேண்டாம்’ என்று எந்த முகவர் சொன்னாலும் அவரை நம்பாதீர்கள். பிரீமியம் கட்டியும் கிளெய்ம் கிடைக்காமல் போவது அந்தப் பொய்யினால்தான்.

அம்மாவுக்கு அதைவிட நல்லது ஒன்று இருக்கிறது. ஆயுஷ்மான் பாரத் திட்டம் 2024 அக்டோபரிலிருந்து 70 வயது நிறைந்த எல்லோருக்கும் விரிவாக்கப்பட்டிருக்கிறது. வருமான வரம்பு இல்லை. ஆதாரில் உள்ள வயதே போதும். ‘ஆயுஷ்மான் வய வந்தனா’ என்ற அட்டை தருகிறார்கள். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்ந்து பெறும் சிகிச்சைக்குப் பயன்படும். காத்திருப்புக் காலம் கிடையாது. பக்கவாதமும் சர்க்கரையும் முதல் நாளிலிருந்தே அடக்கம். தனியார் காப்பீடு இருந்தாலும் இதைப் பெறலாம் என்பதால், உங்கள் அலுவலகப் பாலிசிக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. குடும்பத்தில் 70 தாண்டியவர் இன்னொருவர் இருந்தால் இருவரும் அந்த 5 லட்சத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

இந்த அட்டை எடுக்கும்போது உங்கள் வீட்டில் ஒரு சிக்கல் வரலாம். விரல் ரேகை வைக்கச் சொல்வார்கள். செயலிழந்த கையை நீட்டி, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, கருவியின் கண்ணாடியில் அழுத்திப் பிடிப்பது அம்மாவுக்கும் உங்களுக்கும் வேதனையான வேலை. ரேகை பதியவில்லை என்று இரண்டு முறை திருப்பியனுப்பப்பட்ட ஒரு முதியவரை நானே சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போயிருக்கிறேன். ஆதாரோடு இணைந்த கைபேசி எண்ணுக்கு வரும் கடவுச்சொல் மூலமாகவோ, முகத்தைக் காட்டியோ பதிவு செய்யும் வழியும் ஆயுஷ்மான் செயலியில் இருக்கிறது. வீட்டிலேயே முடியும். அதற்கு முன் அம்மாவின் ஆதாரில் எந்தக் கைபேசி எண் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். பழைய எண்ணாக இருந்தால் முதலில் அதை மாற்ற வேண்டும். சந்தேகம் வந்தால் 14555 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.

ஆதார் வில்லியனூர் முகவரியில் இருக்கிறது, ஆள் இருப்பது கடலூரில் என்ற கவலை வேண்டாம். இது நாடு முழுவதும் செல்லும் அட்டை. புதுச்சேரி எல்லையான முள்ளோடையைத் தாண்டினாலும் தாண்டாவிட்டாலும், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையா என்பதுதான் கேள்வி. எது சேர்ந்திருக்கிறது, அங்கே பக்கவாத சிகிச்சைக்கு இந்த அட்டையை ஏற்கிறார்களா என்பதை ஆம்புலன்ஸில் போகும்போது கேட்கக் கூடாது; இந்த வாரமே கேட்டு, இரண்டு மருத்துவமனைகளின் பெயரைக் குறித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள்.

இதைப் படிக்கும் கடலூர் மாவட்டத்து வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: தமிழ்நாட்டு ரேஷன் அட்டையும் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்ற சான்றும் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கிக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குப் போக வேண்டும். அந்தத் திட்டத்தின் எண் 1800 425 3993.

சரி, பராமரிப்புக்கு என்ன வழி? காப்பீடு கைவிட்ட இடத்தில் அரசின் ஒரு சேவை கொஞ்சம் தாங்குகிறது; கேட்டுப் பெறாததால் பலர் அதை இழக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அது பலருக்கும் தெரியும். அதே திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளரும், படுத்த படுக்கையாக இருப்பவர்களைக் கவனிக்கும் வலிநிவாரணச் செவிலியரும் வீடு தேடி வருவார்கள் என்பது பலருக்குத் தெரியாது. உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு டிஸ்சார்ஜ் சுருக்கத்தின் நகலோடு போய், அம்மாவின் பெயரைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். புதுச்சேரி ரேஷன் அட்டை என்று நீங்களாகவே ஒதுங்கிவிடாதீர்கள். அம்மா இப்போது உங்கள் வீட்டில் இருக்கிறார் என்பதைச் சொல்லிக் கேளுங்கள். அந்தச் செவிலியர் வாரத்தில் ஏழு நாளும் வர மாட்டார். ஆனால் படுக்கைப் புண் வராமல் எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது, விழுங்கச் சிரமப்படுபவருக்கு எப்படி ஊட்டுவது என்பதை நீங்கள் வைத்திருக்கும் பெண்மணிக்கு ஒரு முறை காட்டிக்கொடுத்தாலே அது பெரிய உதவி.

கூடவே மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். பக்கவாதத்தால் நீடிக்கும் செயலிழப்பும் அதில் வரும்; சக்கர நாற்காலி முதல் உதவித்தொகை வரை பலவற்றுக்கும் முதல் கேள்வி அந்த அட்டை இருக்கிறதா என்பதுதான். முதியோருக்கான எந்த உதவி பற்றியும் கேட்க 14567 என்ற தேசிய எண் இருக்கிறது.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. அம்மாவின் பெயர் உங்கள் அலுவலகப் பாலிசியில் இருக்கிறது. நீங்கள் வேலையை விட்டால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும். அம்மாவைக் கவனிக்க வேலையை விட்டுவிடலாமா என்று நினைத்திருந்தால் (இந்த நிலையில் எந்த மகளுக்கும் அந்த எண்ணம் வரும்) ராஜினாமாக் கடிதம் கொடுப்பதற்கு முன், அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறும் வாய்ப்பு பற்றி எழுத்தில் கேளுங்கள். குழுப் பாலிசியில் கழிந்த ஆண்டுகளைக் காத்திருப்புக் காலத்தில் கழித்துக்கொள்ள அது வழி செய்யும். கடைசி வேலை நாளுக்குப் பிறகு கேட்டால் தாமதமாகிவிடும்.

உங்களுக்கும் கணவருக்கும் அலுவலகத்தைச் சாராத ஒரு குடும்பப் பாலிசி இப்போதே எடுத்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி இல்லை. எடுக்கும்போது அறை வாடகை வரம்பைத்தான் முதலில் பாருங்கள். 4 லட்சம் ரூபாய்ப் பாலிசியில் வாடகை வரம்பு ஒரு சதவீதம் என்றால் நாளுக்கு 4,000 ரூபாய். நீங்கள் 6,000 ரூபாய் அறை எடுத்தால் வெட்டு அந்த 2,000 ரூபாயோடு நிற்காது. மருத்துவர் கட்டணம், செவிலியர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் ஆகியவையும் அதே விகிதத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். இந்தக் கட்டணங்கள் 1,50,000 ரூபாய் என்றால் 50,000 உங்கள் தலையில் விழும். என் மாமனாருக்கு இப்படித்தான் நடந்தது. ‘காற்றோட்டமான அறையாகப் பார்ப்போம்’ என்று நாங்களே கேட்டு வாங்கிய அறை அது. இத்தனைக்கும் மற்றவர்களுக்குப் பாலிசி படித்துச் சொல்வதுதான் என் வேலை.

அதோடு, தீவிர நோய்ப் பாலிசி ஒன்றையும் விசாரியுங்கள். பராமரிப்புக் காப்பீட்டுக்கு மிக அருகில் வருவது அதுதான். பட்டியலிட்ட நோய் வந்தால், பில் எதுவும் கேட்காமல் ஒரே தொகையாகத் தந்துவிடுவார்கள். அந்தப் பணத்தில் ஆள் சம்பளம் கொடுக்கலாம், வீட்டுக் குளியலறையில் கைப்பிடி பொருத்தலாம். பக்கவாதம் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் நரம்புச் செயலிழப்பு குறைந்தது மூன்று மாதம் நீடிக்க வேண்டும் என்பது விதி. சில மணி நேரத்தில் சரியாகிவிடும் தற்காலிகத் தாக்குதலுக்குப் பணம் இல்லை. இதை நோய் வருவதற்கு முன்புதான் எடுக்க முடியும் என்பதால் அம்மாவுக்கு இது உதவாது.

பிசியோதெரபி பில்களைப் பிரித்து அனுப்பியும் மறுத்தால், முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ நிறுவனத்தைச் சாராத காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்புட்ஸ்மன்) போகலாம். கட்டணமில்லை, வழக்கறிஞர் தேவையில்லை. பதில் கிடைத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு தர வேண்டும். நீங்கள் கடலூர் முகவரியைக் கொடுத்தாலும் அம்மாவின் வில்லியனூர் முகவரியைக் கொடுத்தாலும் மனு போக வேண்டிய இடம் சென்னைதான். மனுவோடு மறுப்புக் கடிதத்தின் நகலையும், மருத்துவர் பிசியோதெரபி எழுதிக்கொடுத்த தாளையும் மறக்காமல் இணையுங்கள்.