நின்றுபோன பஸ் நடையைத் திரும்ப வரவைப்பது எப்படி?

கேள்வி: எங்கள் ஊர் டவுனிலிருந்து 14 கிலோமீட்டர். நாலு நடை வந்துகொண்டிருந்த டவுன் பஸ் போன ஆடியிலிருந்து இரண்டு நடையாகிவிட்டது. காலை 7.40 சில நாள்தான் வருகிறது, ராத்திரி 8.30 வருவதே இல்லை. பிளஸ் ஒன் படிக்கும் மகளுக்குக் காலை நடை வேண்டும், ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் எனக்கு ராத்திரி நடை வேண்டும். டிப்போவில் கேட்டால் "ஆள் இல்லை" என்கிறார்கள். மினி பஸ் கேட்டு வாங்கிவிடலாம் என்று ஊரில் பேச்சு. என்ன செய்வது?

பதில்:

காலை பஸ் "சில நாள்தான் வருகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அங்கிருந்து தொடங்குவோம். போக்குவரத்துக் கழகத்தில் ஷெட்யூல் போடும் பிரிவில் பல வருஷம் இருந்தவன் நான். ஒரு நடை நின்றால் முதலில் பார்க்க வேண்டியது, அது ஷெட்யூலிலிருந்தே எடுக்கப்பட்டதா, இல்லை ஷெட்யூலில் இருந்தும் ஓட்ட ஆளோ வண்டியோ இல்லாமல் அன்றன்றைக்கு 'கட்' ஆகிறதா என்பதுதான். உங்கள் 7.40 அநேகமாக இரண்டாவது ரகம். 8.30 முதல் ரகமாக இருக்கலாம். இரண்டையும் சேர்த்து "எங்கள் ஊருக்குப் பஸ் வேண்டும்" என்று ஒரே மனுவாகக் கொடுத்தால், "வருவாய் மற்றும் பணியாளர் நிலையைப் பொறுத்துப் பரிசீலிக்கப்படும்" என்று ஒரு கடிதம் வரும், அதோடு அந்தக் கோப்பு முடிந்துவிடும்.

"ஆள் இல்லை" என்று டிப்போவில் சொன்னது பொய்யில்லை. ஒரு பஸ்ஸுக்கு ஒரு டிரைவர், ஒரு கண்டக்டர் என்று வெளியே நினைக்கிறார்கள். காலை ஷிப்ட், மாலை ஷிப்ட், வார ஆஃப், லீவு, உடம்பு சரியில்லாதவர்கள் எல்லாம் சேர்த்தால் ஒரு வண்டி தினமும் ஓட இரண்டு ஜோடிக்கும் மேல் ஆள் வேண்டும். வருஷா வருஷம் ஓய்வு பெற்றுப் போனார்கள், அந்த அளவுக்குப் புது ஆள் எடுக்கவில்லை. 2024 ஜனவரியில் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தம் செய்தபோது காலிப் பணியிடங்களை நிரப்ப வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. 2025 மார்ச்சில்தான் 3,274 டிரைவர் உடன் கண்டக்டர் பணிக்கு விண்ணப்பம் கேட்டார்கள்.

இனி விடிகாலை நாலரை மணிக்கு ஒரு டிப்போவில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். அஞ்சு டிரைவர் வரவில்லை என்றால் அஞ்சு வண்டியை நிறுத்தியாக வேண்டும், எதை நிறுத்துவது? வெளியூர் வண்டியை நிறுத்தினால் அன்றைய கலெக்‌ஷன் போய்விடும். டவுனுக்குள் ஓடும் முக்கிய வழித்தட வண்டியை நிறுத்தினால் அரை மணி நேரத்தில் பஸ் ஸ்டாண்டில் கூச்சல் கிளம்பும். கிராமத்து நடையை நிறுத்தினால் அன்றைக்கு யாரும் எதுவும் கேட்பதில்லை. பிள்ளைகள் ஷேர் ஆட்டோவைத் தேடுவார்கள், இல்லையென்றால் பக்கத்து ஊர் வரை நடப்பார்கள். முகூர்த்த நாள், பௌர்ணமி கிரிவலம், பண்டிகை ஸ்பெஷல் வந்தாலும் வண்டியை எடுப்பது இந்த மாதிரி நடைகளிலிருந்துதான். உங்கள் ஊர் மேல் யாருக்கும் பகை கிடையாது. அங்கிருந்து போன் வராது என்பது டிப்போவுக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான்.

அப்புறம் பணக் கணக்கு. கட்டணம் கடைசியாக மாறியது 2018 ஜனவரியில், மஃப்சல், அதாவது வெளியூர், சாதாரண பஸ்ஸுக்குக் கிலோமீட்டருக்கு 58 காசு. அப்போது டீசல் 65 ரூபாயை ஒட்டி இருந்தது, பிறகு 90ஐத் தாண்டிவிட்டது. ஒரு லிட்டருக்கு ஐந்தரை கிலோமீட்டர் ஓடினால், கிலோமீட்டருக்கு டீசல் மட்டும் 16 ரூபாய்க்கு மேல். அதாவது 28 பேர் முழு டிக்கெட் எடுத்து வழி முழுக்க உட்கார்ந்து வந்தால்தான் டீசல் காசு தேறும், சம்பளமும் டயரும் ரிப்பேரும் அதில் இல்லை. டவுன் பஸ்ஸுக்குக் கட்டணக் கணக்கு வேறு, ஆனாலும் நிலைமை புரிய இது போதும். போதாததற்கு, 15 வருஷம் தாண்டிய அரசு வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்கக் கூடாது என்று மத்திய அரசு விதி 2023 ஏப்ரலிலிருந்து வந்திருக்கிறது. கிராமத்துக்கு ஓடுவது பெரும்பாலும் பழைய வண்டிகள்.

இதையெல்லாம் சொல்வது கழகத்துக்காகப் பரிந்து பேச இல்லை. கிராமத்துப் பஸ் லாபத்துக்காக விட்டதே இல்லை. 1972இல் தனியார் பஸ்களை அரசு எடுத்துப் பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் என்று கழகங்களைத் தொடங்கிய காலத்திலேயே, கலெக்‌ஷன் உள்ள தடத்தின் வருமானத்தில் கலெக்‌ஷன் இல்லாத ஊருக்கும் வண்டி ஓடும் என்பதுதான் ஏற்பாடு. "உங்கள் ஊர் நஷ்டம்" என்று யாராவது சொன்னால் தலைகுனிய வேண்டாம்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். ஒரு மாதம், தினமும், 7.40 வந்ததா, எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை பேர் ஏறினார்கள், அதில் பள்ளிப் பிள்ளைகள் எத்தனை, பெண்கள் எத்தனை என்று எழுதுங்கள். வராத நாளில் எத்தனை பேர் காத்திருந்துவிட்டுப் போனார்கள் என்பதையும் எழுதுங்கள், அந்த எண்ணிக்கை டிப்போவின் எந்தக் காகிதத்திலும் இருக்காது. வராத ஒவ்வொரு நாளும் முதல்வர் உதவி மைய எண்ணான 1100க்குப் புகார் சொல்லிப் பதிவு எண்ணைக் குறித்துவையுங்கள். ஒரே ஆள் முப்பது முறை சொல்வதை விட ஊரில் பத்துப் பேர் மாற்றி மாற்றிச் சொல்வது நல்லது.

அப்புறம், பெண்கள் பஸ்ஸில் கட்டணமில்லாச் சீட்டைக் கட்டாயம் கேட்டு வாங்க வேண்டும். 2021 மே மாதம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் வந்த பிறகு, "காசு இல்லையே, சீட்டு எதற்கு" என்று பலர் விட்டுவிடுகிறார்கள், கூட்டத்தில் கண்டக்டரும் விட்டுவிடுவார். ஆனால் டிக்கெட் மெஷினில் ஏறாத பயணி கணக்கில் இல்லாத பயணி. நாற்பது பெண்கள் வந்த நடை, காகிதத்தில் பன்னிரண்டு பேர் வந்த நடையாகத் தெரியும். பல ஊர்களில் நடை போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று உறுதியாகச் சொல்வேன்.

அதே சமயத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள், கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். உங்கள் மண்டல அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். இந்தத் தட எண்ணுக்கு இப்போது ஒப்புதல் பெற்ற கால அட்டவணை என்ன, கடந்த மூன்று மாதத்தில் எந்தெந்தத் தேதியில் எந்த நடை இயக்கப்படவில்லை, பதிவேட்டில் எழுதியுள்ள காரணம் என்ன, 8.30 நடை ஷெட்யூலிலிருந்து நீக்கப்பட்டிருந்தால் அந்த உத்தரவின் நகல், இவ்வளவு கேட்டால் போதும். "ஏன் நிறுத்தினீர்கள்?" என்று கேட்காதீர்கள், ஆவணத்தைக் கேளுங்கள். பதில் வந்ததும் உங்கள் நோட்டையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீங்கள் 'வரவில்லை' என்று எழுதிய நாளில் அங்கே 'இயக்கப்பட்டது' என்று இருந்தால், அதன்பிறகு டிப்போவின் கிளை மேலாளரிடம் பேசுவது வேறு மாதிரியான பேச்சாக இருக்கும்.

மனு இரண்டாக இருக்கட்டும். 7.40க்கான மனுவில் புது பஸ் கேட்காதீர்கள். "அட்டவணையில் உள்ள நடையைக் கட் செய்யாமல் ஓட்டுங்கள், ஆள் குறைந்த நாளில் வேண்டுமானால் பகல் நடையை நிறுத்துங்கள், பள்ளி நடையைத் தொடாதீர்கள்" என்று கேளுங்கள். இதை ஏற்க அவர்களுக்கு ஒரு பைசா கூடுதல் செலவில்லை. தலைமையாசிரியரிடம் உங்கள் ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் இலவச பாஸில் வருகிறார்கள் என்று ஒரு கடிதம் வாங்கி இணையுங்கள், அதற்கு டிப்போவில் தனி மரியாதை உண்டு. கிளை மேலாளருக்குக் கொடுத்து, மண்டலப் பொது மேலாளருக்கு நகல் அனுப்பி, திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளிலும் ஒரு பிரதி கொடுங்கள். கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு நாள் கூடுகிறது, பக்கத்தில் வரும் நாளில் தீர்மானம் போட்டு அதையும் சேருங்கள்.

8.30 கொஞ்சம் கஷ்டம். கடைசி நடை முடிந்து வண்டி காலியாக டிப்போ திரும்ப வேண்டும், 14 கிலோமீட்டர் வெறும் ஓட்டம். இதற்கு அந்தக் காலத்திலிருந்தே உள்ள தீர்வு நைட் ஹால்ட். ராத்திரி வண்டி உங்கள் ஊரிலேயே தங்கி, காலையில் அங்கிருந்தே முதல் நடை கிளம்பும். வெறும் ஓட்டம் மிச்சம், காலை நடையும் பெரும்பாலும் நேரத்துக்குக் கிளம்பிவிடும், ஏனென்றால் வண்டியும் ஆளும் ஏற்கெனவே ஊரில் இருக்கிறார்கள். ஆனால் டிரைவரும் கண்டக்டரும் எங்கே படுப்பது? நான் பார்த்த வரை ஹால்ட் பஸ் போன ஊர்கள் பலவற்றில் கோயில் திண்ணையில் கொசுக்கடியில் படுக்க வைத்திருந்தார்கள், கழிப்பறை கிடையாது, ராத்திரி ஒரு வாய் சாப்பாடு கிடைக்காது, நாளடைவில் அந்த டூட்டிக்கு யாருமே வர மாட்டேன் என்றார்கள். ஒரு அறை, ஃபேன், கழிப்பறை, வண்டி நிறுத்த வெளிச்சமுள்ள இடம் இவ்வளவையும் ஊராட்சி தரும் என்று தீர்மானத்திலேயே எழுதிக் கொடுங்கள்.

ஹால்ட் முடியாது என்றால், உங்கள் ஊரை ஒட்டிய மெயின் ரோட்டில் போகும் வேறு டவுன் பஸ்ஸின் கடைசி நடையை ஊர் வரை நீட்டச் சொல்லலாம், அல்லது இருக்கும் மாலை நடையைக் கடை மூடும் நேரத்துக்குத் தள்ளச் சொல்லலாம். இரண்டு மூன்று கிலோமீட்டர் நீட்டிப்பு என்பது புது நடையை விடப் பல மடங்கு சுலபம். போகும் முன் ரோட்டைப் பாருங்கள், தாழ்ந்த கிளை, திரும்ப இடமில்லாத முக்கு இதெல்லாம் இருந்தால் டிரைவர் எழுதிக் கொடுக்கும் ஒரு ரிப்போர்ட் போதும் நடையை நிறுத்த. கிளையை வெட்டுவது ஊராட்சி ஒரு நாளில் செய்கிற வேலை.

மினி பஸ் பற்றி. 1997இல் வந்த திட்டம் நல்ல திட்டம், ஆனால் போகப்போகப் பல வண்டிகள் ஆள் கிடைக்கும் டவுன் பக்கமே ஓடின, சில தடங்கள் அப்படியே நின்றன. 2025 ஜூனில் தொடங்கிய புதிய திட்டத்தில் தடம் 25 கிலோமீட்டர் வரை போகலாம், அதில் பெரும்பகுதி பஸ் வசதி இல்லாத சாலையாக இருக்க வேண்டும். உங்கள் சாலையில் ஏற்கெனவே அரசு பஸ் ஓடுவதால் அந்தக் கணக்கில் உங்கள் ஊர் சுலபமாகப் பொருந்தாது. உங்களுக்கு அப்பால் பஸ்ஸே இல்லாத குக்கிராமங்கள் இருந்தால் அவர்களோடு சேர்ந்து ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்கலாம். ஆனால் அது தனியார் வண்டி, பெண்களுக்கு இலவசம் இல்லை, நீங்களும் தினம் இரண்டு வேளை டிக்கெட் எடுக்க வேண்டும், மகளின் பாஸும் செல்லாது. இருக்கிற அரசு நடையை விட்டுக்கொடுத்து மினி பஸ் வாங்காதீர்கள். மனுவிலும் "சாதாரணக் கட்டண டவுன் பஸ்" என்ற வார்த்தைகளைத் தெளிவாக எழுதுங்கள், வெறும் "பஸ்" என்று எழுதி மஃப்சல் வண்டி வந்துவிட்டால் பெண்களுக்கு இலவசம் கிடையாது.

எம்.எல்.ஏ.விடம் போவதில் தப்பில்லை, ஆனால் நோட்டும் தகவல் சட்டப் பதிலும் கையில் வந்த பிறகு போங்கள். வெறும் கோரிக்கையோடு போனால், கொடியசைத்து ஒரு புது பஸ் விடுவார்கள், அது வேறு ஏதோ ஒரு ஊரின் நடையை எடுத்துக் கொடுத்த வண்டியாக இருக்கும், அந்த ஊர்க்காரர்கள் கேட்டதும் மூன்றாம் மாதம் திரும்பிப் போய்விடும். இதை நான் பல முறை பார்த்துவிட்டேன்.

நடை திரும்ப வந்துவிட்டால் முதல் ஒரு மாதம் கவனம். அந்த மாதக் கலெக்‌ஷனையும் ஆள் எண்ணிக்கையையும் வைத்துத்தான் தொடர்வதா வேண்டாமா என்று பார்ப்பார்கள். பைக் வைத்திருக்கும் ஆண்களையும் அந்த மாதம் பஸ்ஸில் வரச் சொல்லுங்கள், டிக்கெட் எடுக்கிறவர்கள் அவர்கள்தான். நோட்டை மூடிவிடாதீர்கள்.