சிறுவர் சிறையை வயதுவந்தோர் சிறையாக மாற்றுதல்: கேள்வி பதில்

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், ரோசெஸ்டர் நகரை ஒட்டிய போர்ஸ்டல் கிராமத்தில் இருக்கிறது குக்கம் வுட். 15 முதல் 18 வயது வரையுள்ள சிறுவர்களை அடைத்துவைத்திருந்த இந்தச் சிறையை வயதுவந்த ஆண்களுக்கான சிறையாக மாற்றப்போவதாக 2024 மார்ச்சில் அரசு அறிவித்தது. அத்தகைய மாற்றத்தை எப்படித் திட்டமிட வேண்டும் என்று வந்த கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறேன்.

கேள்வி: இந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்?

இரண்டு நெருக்கடிகள் ஒரே இடத்தில் வந்து சேர்ந்ததே காரணம். 2023 ஏப்ரலில் தலைமைச் சிறை ஆய்வாளர் சார்லி டெய்லர் இச்சிறையைப் பற்றி அமைச்சருக்கு உடனடி நடவடிக்கை கோரும் அவசர அறிவிக்கை அனுப்பினார். அப்போது உள்ளே இருந்த சிறுவர்கள் 77 பேர். பணியாளர்களோ ஏறத்தாழ 450 பேர். அப்படியிருந்தும் 228 ஆயுதங்கள் கைப்பற்றப்பட்டிருந்தன. சிறுவர்களில் கால்வாசிப் பேர் தனிமையில் பூட்டப்பட்டுக் கிடந்தார்கள். மறுபுறம், வயதுவந்தோர் சிறைகளில் இடம் தீர்ந்துகொண்டிருந்தது. இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளில் இருந்தோர் எண்ணிக்கை 2024 செப்டம்பரில் 88,521 என்ற உச்சத்தைத் தொட்டது. சிறுவர்களைக் காக்கத் தவறியதற்காக ஓர் இடத்தை மூடுவதும், பெரியவர்களுக்குப் படுக்கை தேவைப்படுவதால் மூடுவதும் ஒன்றல்ல. திட்ட ஆவணத்தில் இவ்விரண்டையும் கலந்து எழுதினால், முதல் காரணத்துக்குரிய கடமைகள் கண்ணில் படாமலே போய்விடும்.

கேள்வி: பயன்பாட்டை மாற்ற உள்ளூராட்சியின் திட்ட அனுமதி வேண்டாமா?

பயன்பாட்டு மாற்றத்துக்கு மட்டும் என்றால் வேண்டியதில்லை. இங்கிலாந்தின் திட்டமிடல் சட்டத்தில் சிறை, இளங்குற்றவாளிகள் நிலையம் (குக்கம் வுட் போன்ற சிறுவர் சிறைகளுக்குச் சட்டத்தில் உள்ள பெயர்) ஆகிய இரண்டும் சி2ஏ என்ற ஒரே பயன்பாட்டு வகுப்பில் அடங்குகின்றன. பெரிய அளவில் புதிய கட்டடம் எழுப்பினால் அனுமதி தேவை. அரசு தானே கட்டுவதற்கு இருந்த விலக்கு 2006-இல் நீங்கிவிட்டது. பயன்பாடு மட்டும் மாறும்போது அக்கம்பக்கத்தார் தம் கருத்தைச் சொல்லச் சட்டம் கட்டாய வாய்ப்பு எதையும் தராததால், அவர்களிடம் முன்கூட்டியே பேச வேண்டிய பொறுப்பு நிர்வாகத்துக்குக் கூடுகிறது என்பது என் கருத்து.

கேள்வி: சுற்றுச்சுவரும் அறைகளும் ஏற்கெனவே இருக்கும்போது கட்டடத்தில் மாற்ற வேண்டியது என்ன?

வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் குறைவாகத் தெரியும். உள்ளே வேலை நிறைய இருக்கிறது. 1952-ஆம் ஆண்டின் சிறைச் சட்டம், 14-ஆம் பிரிவின்படி, அளவு, வெளிச்சம், வெப்பம், காற்றோட்டம், உள்ளமைப்பு ஆகியவை போதுமானவை என்றும், உள்ளே இருப்பவர் எந்நேரமும் காவலரை அழைக்க முடியும் என்றும் சான்றளிக்கப்படாத எந்த அறையிலும் ஒருவரையும் அடைக்கக் கூடாது. சிறுவர்களைப் பொதுவாக ஒருவருக்கு ஓர் அறை என்ற முறையில் வைத்திருப்பார்கள். பெரியவர்கள் வந்ததும் அதே அறையில் இரண்டு கட்டில் போடும் ஆசை நிர்வாகத்துக்கு எழும். அப்படிச் செய்தால் கழிப்பிட மறைப்பு, காற்றோட்டம், தீ எச்சரிக்கை ஏற்பாடு ஆகியவற்றை மட்டுமல்லாமல், சமையலறை, மருத்துவப் பிரிவு, உறவினர் சந்திப்புக் கூடம், கழிவுநீர்க் குழாய் ஆகியவற்றையும் மறுபடி கணக்கிட வேண்டும். வகுப்பறைகளைத் தொழிற்கூடங்களாக்குவதும் எளிதன்று. மின்சுமை, கருவிகளை எண்ணிப் பூட்டும் இடம், இயந்திரங்களின் இரைச்சல் என ஒவ்வொன்றுக்கும் தனி வடிவமைப்பு வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால், வரப்போகிறவர்கள் யார் என்று முடிவு செய்தாக வேண்டும். செர்கோ நிறுவனம் நடத்திய ஆஷ்ஃபீல்ட் சிறுவர் சிறை, 2013-இல் பாலியல் குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்ட ஆண்களுக்கான சிறையாக மாறியது. அத்தகைய கைதிகளில் முதியவர்கள் கணிசமாக இருப்பார்கள். பதினாறு வயதுப் பையனுக்காகக் கட்டிய மாடிப்படி எழுபது வயதுக்காரருக்குப் பெருந்தடை. வருவோர் யார் என்று தெரியாமல் வரைபடம் போடுவது வீண்செலவு.

கேள்வி: பழைய பணியாளர்களையே வைத்துக்கொள்ளலாமா?

வைத்துக்கொள்ளலாம், ஆனால் அறிவிப்புப் பலகையை மாற்றும் அதே நாளில் அவர்களும் மாறிவிடுவார்கள் என்று எதிர்பார்க்கக் கூடாது. சிறுவர்களைக் கட்டுப்படுத்தும் முறையும் பயிற்சியும் வேறு, பெரியவர்களுக்கானவை வேறு. இளங்குற்றவாளிகள் நிலைய விதிகள் 2000-ஆம் ஆண்டுக்குரியவை. சிறை விதிகள் 1999-ஆம் ஆண்டுக்குரியவை. சிறுவர்களோடு வேலை செய்வதற்கென்றே இப்பணிக்கு வந்தவர்களும் இருப்பார்கள். அவர்களுக்கு வேறு சிறுவர் நிலையத்துக்குப் போகும் வழியைக் கட்டட ஒப்பந்தம் போடுவதற்கு முன்பே திறந்துவைக்க வேண்டும். அவர்களுடைய அனுபவம் சிதறிப்போனால் அதை மீண்டும் திரட்டப் பல ஆண்டுகள் ஆகும்.

கேள்வி: அங்கிருந்த சிறுவர்கள் எங்கே போனார்கள்?

திட்டமிடுவோர் முதலில் விடை காண வேண்டிய கேள்வி இதுதான். பெரும்பாலும் இது கடைசியாகவே கேட்கப்படுகிறது. குக்கம் வுட் மூடப்பட்டபின், 18 வயதுக்குட்பட்ட சிறுவர்களுக்கு மேற்கு லண்டனின் ஃபெல்டம், ஸ்டாஃபர்ட்ஷரின் வெரிங்டன், மேற்கு யார்க்ஷரின் வெதர்பி ஆகிய இளங்குற்றவாளிகள் நிலையங்களும், வேல்ஸில் பார்க் சிறையின் ஒரு பிரிவும் எஞ்சின. கென்ட்டில் வாழும் ஒரு தாய் வெதர்பியில் இருக்கும் மகனைப் பார்க்க நாட்டின் ஒரு மூலையிலிருந்து வடக்கே நெடுந்தொலைவு பயணம் செய்ய வேண்டும். வழக்கறிஞர், சமூகப் பணியாளர், பாதியில் நிற்கும் படிப்பு, பழகிய மனநல ஆலோசகர் என அந்தப் பையனின் வாழ்வில் இருந்த ஒவ்வொரு இழையும் இடமாற்றத்தில் அறுபடக்கூடும். ஆகவே ஒவ்வொரு சிறுவனுக்கும் தனித்தனி மாற்றத் திட்டம் எழுதப்பட வேண்டும். விடுதலை நெருங்கியவனை இடையில் நகர்த்தக் கூடாது. கடைசிச் சிறுவன் வெளியேறும்வரை முதல் வயதுவந்த கைதி உள்ளே வரலாகாது. சிறுவரைப் பெரியவர்களிடமிருந்து பிரித்தே வைக்க வேண்டும் என்று ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 37-ஆம் உறுப்பு சொல்கிறது.

கேள்வி: போர்ஸ்டல் என்ற பெயர் நம் ஊர்ப் போர்ஸ்டல் பள்ளிகளோடு தொடர்புடையதா?

ஆம். இளைஞர்களைப் பெரியவர்களிடமிருந்து பிரித்துத் திருத்தும் முயற்சி 1902-இல் இந்தக் கிராமத்தில் அப்போதிருந்த மற்றொரு சிறையில் தொடங்கியது. அதே முறையைப் பின்பற்றியே 1925-ஆம் ஆண்டின் சென்னைப் போர்ஸ்டல் பள்ளிகள் சட்டம் வந்தது.

கேள்வி: சிறுவர் எண்ணிக்கை மீண்டும் கூடினால் பழையபடி மாற்றிக்கொள்ளலாமே?

காகிதத்தில் முடியும். குக்கம் வுட்டே நெடுங்காலம் பெண்கள் சிறையாக இருந்து, பிறகுதான் சிறுவர்களுக்கு வந்தது. ஆனால் ஆஷ்ஃபீல்ட், வாரன் ஹில், ஹிண்ட்லி என வயதுவந்தோருக்குப் போன நிலையங்கள் சிறுவர்களிடம் திரும்பவில்லை. பெரியவர்கள் சிறை நிரம்பி வழியும்போது கிடைத்த படுக்கையை எந்த அமைச்சரும் விட்டுக்கொடுக்கத் துணியமாட்டார். காவலில் இருக்கும் சிறுவர்கள் 2000-களின் பிற்பகுதியில் சுமார் 3,000 பேராக இருந்து, இப்போது 500-க்கும் கீழே குறைந்திருப்பது மகிழ்ச்சிக்குரியது. அந்தக் குறைவு நிலைக்கும் என்று நம்பியே கட்டடத்தைக் கைமாற்றுகிறார்கள். எண்ணிக்கை கூடினால் எந்தப் பகுதியில், எத்தனை இடங்கள், யார் பொறுப்பில் திறக்கப்படும் என்பதை மூடும் உத்தரவோடு சேர்த்தே எழுத்தில் தர வேண்டும்.