டொலர் ஏறினால் கொழும்புக் கொம்பனிகள் எப்படிச் சமாளிக்கின்றன? கிரிப்டோ உதவுமா?

புறக்கோட்டையில் இறக்குமதிக் கணக்குப் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் ஏறக்குறைய 200 ரூபா; மே மாதம் 360. சரக்குக்கு 50,000 டொலர் கட்ட வேண்டியவர் ஒரு கோடி ரூபாவை எடுத்து வைத்திருந்தால், இன்னும் 80 லட்சம் தேட வேண்டும். சரக்கோ பழைய விலைக்கு விற்று முடிந்திருக்கும்!

முதல் வேலை, டொலரில் வருவதையும் போவதையும் மாதவாரியாக எழுதிப் பார்ப்பது. ஏற்றுமதி வருமானம் உள்ளவர்கள் அதே டொலரில் கடனைக் கட்டிவிடுவார்கள். இதைவிட மலிவான காப்பு இல்லை. மிச்சத்துக்கு வங்கியோடு ஃபோர்வர்ட் ஒப்பந்தம்: மூன்று மாதம் கழித்து வாங்கும் டொலருக்கு இன்றைக்கே விலை பேசுவது. முழுத் தொகைக்கும் போடாதீர்கள், பாதி போதும் என்பேன். ஆனால் நெருக்கடி வந்தால் இந்தக் கதவும் மூடலாம். 2021 தொடக்கத்தில் மத்திய வங்கி இவற்றைச் சில மாதம் நிறுத்தியது.

அப்புறம் கிரிப்டோ. இலங்கையில் அது சட்டபூர்வ நாணயம் அல்ல. அதை வாங்க வங்கி அட்டையைப் பயன்படுத்தவும் 2021இல் தடை வந்தது. ஒரு காசு ஒரு டொலர் என்று விலையை டொலரோடு பிணைத்த கிரிப்டோவான ஸ்டேபிள்கொயின் என்றாலும், ரூபா விழுந்தால் அதை வாங்கவும் கூடுதல் ரூபா வேண்டுமே.