தனியாகப் பயணம் போனால் வழியில் உண்மையாகவே நட்பு கிடைக்குமா? உங்கள் அனுபவம் என்ன?

கிடைக்கும். எனக்கு அது கிடைத்த இடம் உசுவாயா. அர்ஜென்டினாவின் தெற்குக் கோடியில், பீகிள் கால்வாயை ஒட்டி, பனி மூடிய மலைகளுக்குக் கீழே இருக்கும் ஊர். அங்கிருந்து அண்டார்டிகா தீபகற்பம் ஏறக்குறைய 1000 கி.மீ.தான். தலைநகர் புவெனஸ் ஐரிஸுக்குச் சாலை வழியாகப் போனால் 3000 கி.மீ.க்கு மேல்.

நான் பஸ்ஸில் போனேன். விமானத்தில் போயிருந்தால் இந்தப் பதிலை எழுத ஒன்றும் இருந்திருக்காது. ரியோ காஷேகோஸ் என்ற ஊரில் காலையில் ஏறினால் போய்ச் சேர இரவாகிவிடும். உசுவாயா இருப்பது ஒரு தீவில். அந்தத் தீவின் மேற்குப் பாதி சிலிக்குச் சொந்தம். அதனால் சிலிக்குள் நுழைந்து, மெகல்லன் நீரிணையைப் படகில் கடந்து, மறுபடியும் அர்ஜென்டினாவுக்குள் வர வேண்டும். (இந்திய பாஸ்போர்ட்டில் போகிறவர்கள் கவனியுங்கள்: இந்த வழிக்கு சிலி, அர்ஜென்டினா இரண்டின் விசா விதிகளையும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள், அர்ஜென்டினாவுக்குள் ஒரு முறைக்கு மேல் நுழைய அனுமதி இருக்க வேண்டும்.)

சிலிக்குள் பழம், காய், விதை எதையும் கொண்டுபோக விடமாட்டார்கள். எல்லை நெருங்கியதும் பஸ்ஸில் எல்லாரும் பையைத் திறந்தோம். என்னிடம் நான்கு ஆப்பிள் இருந்தது. முன் சீட்டில் இருந்த ஒரு அம்மா அதைக் கேட்டு வாங்கி, சின்னக் கத்தியால் நறுக்கி, கத்தி முனையிலேயே ஒவ்வொரு துண்டாக நீட்டினார். பின் சீட்டில் இருந்த கொரியப் பையன் ஒரு சீப்பு வாழைப்பழத்தை அனுப்பினான். குப்பைத் தொட்டிக்குப் போக வேண்டிய பழமெல்லாம் பத்து நிமிஷத்தில் பஸ் முழுக்கச் சுற்றித் தீர்ந்தது. படகில் நீரிணையைக் கடக்க இருபது நிமிஷம் போலத்தான் ஆகும். கறுப்பும் வெள்ளையுமாகச் சின்ன டால்பின்கள் கூடவே நீந்தி வந்தன. அந்தப் பையன் என் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினான். அதுவரை பெயர்கூடக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

ஹாஸ்டலில் சமையலறைதான் எல்லாமே. வெளியே சாப்பாடு விலை அதிகம் என்பதால் எல்லாரும் அங்கேதான் சமைப்பார்கள். டிசம்பரில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும், யாருக்கும் தூக்கம் வராது. அங்கே வருகிறவர்களில் நிறையப் பேர், தென் அமெரிக்கா முழுக்கச் சுற்றி அந்த ஊரோடு பயணத்தை முடிப்பவர்கள். மற்றவர்கள் அண்டார்டிகா கப்பலில் கடைசி நேரத்தில் மலிவாக இடம் கிடைக்குமா என்று காத்திருப்பவர்கள். இரண்டு வகையினருக்கும் அவசரம் கிடையாது. வேறு ஊர்களில் "எங்கிருந்து வருகிறாய், அடுத்து எங்கே" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இங்கே அடுத்த ஊர் என்று ஒன்று இல்லாததால் பேச்சு வீட்டைப் பற்றி, அப்பா அம்மாவைப் பற்றி, விட்டுவிட்டு வந்த வேலையைப் பற்றிப் போகும்.

முதல் நாள் இரவு மேசையைச் சுற்றி மாத்தே வந்தது. மாத்தே என்பது ஒரு சின்னக் குடுவையில் இலைத்தூளைப் போட்டு, சூடான தண்ணீர் ஊற்றி, உலோகக் குழாயால் உறிஞ்சுவது. ஒருவர்தான் ஊற்றுவார். நம் முறை வந்தால் முழுவதும் குடித்துவிட்டு அவரிடமே குடுவையைத் திருப்பித் தர வேண்டும். அவர் மறுபடி நிரப்பி அடுத்தவருக்குத் தருவார். எல்லாருக்கும் அதே குழாய்தான். எச்சில் பார்க்கிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு முதல் உறிஞ்சல் கஷ்டம், எனக்கும் அப்படித்தான் இருந்தது. குடித்துவிட்டு மரியாதையாக "கிராசியாஸ்" என்று நன்றி சொன்னேன். அதற்கப்புறம் இரண்டு சுற்றிலும் குடுவை என்னைத் தாண்டியே போனது. நன்றி சொன்னால் "எனக்குப் போதும்" என்று அர்த்தமாம். பக்கத்தில் இருந்த அர்ஜென்டினாக்காரர் இதைச் சொல்லிவிட்டு, குடுவையை வாங்கி என் கையில் வைத்தார். கசப்புதான், ஆனாலும் அன்று அது நான்கு முறை என்னிடம் வந்தது.

அந்த மேசையில் ஒரு பிரெஞ்சுப் பெண் இருந்தார். அலாஸ்காவிலிருந்து சைக்கிளில் வந்தவர். ஊருக்குள் வந்து மூன்று நாளாகியும் சாலை முடிகிற இடத்துக்கு அவர் போகவில்லை. தேசிய நெடுஞ்சாலை 3 ஊரைத் தாண்டிப் போய், தேசியப் பூங்காவுக்குள் லப்பத்தாயா விரிகுடாவில் முடிகிறது. அங்கே ஒரு மரப்பலகை இருக்கிறது: புவெனஸ் ஐரிஸ் 3,079 கி.மீ., அலாஸ்கா 17,848 கி.மீ. தனியாகப் போக மனசு வரவில்லை என்றார். சரி என்று நானும் கொரியப் பையனும் வேனில் முன்னால் போய்க் காத்திருந்தோம். அவர் சைக்கிளில் வந்து சேர்ந்தார். படம் எதுவும் எடுக்கச் சொல்லவில்லை. கையுறையைக் கழற்றி அந்தப் பலகையை ஒரு தரம் தடவினார். நகக்கண்ணெல்லாம் செயின் எண்ணெய்க் கறுப்பு. "நாளைக்கு எதற்காக எழுந்திருப்பேன்?" என்று கேட்டார். நாங்கள் பதில் சொல்லவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது, இந்த மாதிரி ஊருக்குப் போனால் இரண்டு நாள் போதும் என்று கணக்குப் போடாதீர்கள். ஐந்து நாளாவது இருங்கள், ஹாஸ்டலில் சமைத்துச் சாப்பிடுங்கள், கொஞ்சம் அதிகமாகவே சமையுங்கள். நான் வெறும் உருளைக்கிழங்குப் பொரியல்தான் செய்தேன், மூன்று பேர் தட்டோடு வந்து உட்கார்ந்தார்கள்.

கிளம்புகிறவர்கள் மீதி அரிசி, உப்பு, பாஸ்தாவை வைத்துவிட்டுப் போக அங்கே ஒரு அலமாரி உண்டு. அந்தப் பெண் கிளம்பிய அன்று அதில் தன் காற்றடிக்கும் பம்பை வைத்துவிட்டுப் போனார். இரண்டு நாள் கழித்து, வடக்கே சைக்கிளில் புறப்பட்ட ஒருவர் அதை எடுத்துப் பையில் கட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன்.