பெயர் மறந்தால் உயிரியலை விட்டுவிட வேண்டுமா?

வணக்கம் அம்மா. நுரையீரல் உறை பாடத்தில் மகளுக்கு மதிப்பெண் குறைந்ததும், உயிரியலே வேண்டாம், வேறு பிரிவுக்கு மாற்றிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். மாற்றாதீர்கள். அவளோடு பேசிவிட்டுத்தான் சொல்கிறேன்.

பெயர்கள் அவளுக்குக் குழம்புகின்றன, உண்மைதான். ஆனால் அவள் என்னிடம் கேட்டது இது: "நுரையீரலைப் பசை போட்டு யாரும் ஒட்டவில்லையே, மார்பு விரியும்போது அதுவும் ஏன் கூடவே விரிகிறது?" அந்தப் பாடத்தின் உயிர்நாடியே இந்தக் கேள்விதான்.

பாதி காற்றடைத்த பலூனைக் கொடுத்து, முஷ்டியை அதற்குள் அழுத்தச் சொன்னேன். கையை ஒட்டி ஓர் அடுக்கு, வெளியே ஓர் அடுக்கு. மணிக்கட்டருகே இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. முஷ்டி நுரையீரல் என்றால், அதைப் போர்த்தியிருப்பது உள்ளுறை, மார்புச்சுவரை ஒட்டியிருப்பது வெளியுறை. நடுவே காற்று கிடையாது. பக்கத்துக்குச் சுமார் 10 மில்லிலிட்டர் திரவம் மட்டுமே. ஈரமான இரண்டு கண்ணாடித் தகடுகளைப் போல இவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும், எளிதில் பிரியாது. நுரையீரல் சுருங்கப் பார்க்கிறது, மார்புச்சுவர் விரியப் பார்க்கிறது. இந்த இழுபறியால் நடு இடைவெளியின் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவாகவே இருக்கும்.

"அங்கே ஓட்டை விழுந்தால்?" என்றேன். சற்று யோசித்து, "காற்று உள்ளே போகும், நுரையீரல் சுருங்கிவிடும்" என்றாள். யாரும் சொல்லிக்கொடுக்காத பதில் அது. எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

இப்படி யோசிக்கும் பிள்ளைக்குச் சுவாச சிகிச்சைப் படிப்பு நன்றாகப் பொருந்தும். வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளிக்குத் திடீரென மூச்சு முட்டினால், இந்த உறைக்குள் காற்று புகுந்துவிட்டதா என்று சந்தேகிக்கத் தெரிய வேண்டும். அல்ட்ராசவுண்ட் துறையும் உண்டு: உறைகள் வழுக்குவது திரையில் மினுமினுக்கும் கோடாகத் தெரியும், நடுவே காற்று புகுந்தால் அந்த மினுமினுப்பு நின்றுவிடும். மருத்துவம்தான் படிக்க வேண்டும் என்றில்லை. செவிலியர், பிசியோதெரபி, எக்ஸ்ரே என எந்தப் பக்கம் போனாலும் இந்த அறிவு கூடவே வரும்.

பெயர்களையும் அவள் படித்தாக வேண்டும். தேர்வில் அதற்கும் மதிப்பெண் உண்டு. தினமும் ஒரு வெள்ளைத்தாளில் படம் வரைந்து, புத்தகம் பார்க்காமல் பெயர் எழுதட்டும். எழுதியதை உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். புரியாத இடத்தில் நிறுத்திக் கேளுங்கள். இரண்டு வாரம் கழித்து அந்தத் தாள்களோடு இருவரும் வாருங்கள், எந்தப் படிப்பு என்று உட்கார்ந்து பேசுவோம்.