காளான் பொருள் என்பது என்ன? தெர்மகோலுக்கு அது மாற்றாகுமா?

நாம் காளான் என்றழைக்கும் குடைக்கு அடியில் வெள்ளை நூல்களாகப் படர்ந்திருக்கும் வலையின் பெயர் மைசீலியம். நறுக்கி ஈரப்படுத்திய மக்காச்சோளத் தட்டையோடு இந்தப் பூஞ்சையைக் கலந்து அச்சில் நிரப்பினால், அது தட்டையின் சத்தைத் தின்றபடியே துண்டுகளுக்கிடையே நூல் பின்னி, சில நாட்களில் பசையே இல்லாமல் அனைத்தையும் ஒரே கட்டியாக இறுக்கிவிடுகிறது. கடலை மிட்டாயில் வெல்லப் பாகு செய்யும் வேலைதான் இது. இங்கே பாகு தானாக வளர்கிறது, அவ்வளவே. இப்படி இறுகிய கட்டியே காளான் பொருள்.

2014இல் நியூயார்க்கில் சுமார் 10,000 காளான் செங்கற்களால் எழுப்பப்பட்ட 'ஹை-ஃபை' கோபுரம், கண்காட்சிக் காலம் முடிந்ததும் பிரிக்கப்பட்டு மக்கவைக்கப்பட்டது. ஆயினும் வீட்டுத் தூணுக்கு இது ஏற்றதன்று. உடையும் பொருள்களைப் பொதிய, தெர்மகோலைப் போலவே இதுவும் மிகப் பொருத்தமானது.

ஈரம் பட்டால் காளான் முளைக்கும் என்று பலர் அஞ்சுகின்றனர். அச்சிலிருந்து எடுத்ததும் சூடேற்றி உலர்த்தும்போதே பூஞ்சை இறந்துவிடுவதால், அது மீண்டும் வளர்வதில்லை.