மழை பொய்த்தால் மலேரியா: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இலங்கையைப் பற்றித்தான். சரி, மற்றதையெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன்.

கேள்வி: இவ்வளவு காலம் போர் நடந்த நாடு மலேரியாவை எப்படி ஒழித்தது? (வாசகர், ராமநாதபுரம்)

பதில்: ஒருமுறை ஏறக்குறைய ஒழித்துவிட்டு, கோட்டை விட்டு, பிறகுதான் ஒழித்தார்கள். அங்கே மலேரியாவைப் பரப்பிய முக்கியக் கொசு சாக்கடையில் வளர்வதில்லை, ஆறு வற்றும்போது மணலில் தேங்குகிற தெளிந்த குட்டைகளில் முட்டையிடுவது. அதனால் அங்கே மழை பெய்தால் அல்ல, மழை பொய்த்தால் ஆபத்து. 1934-இல் தென்மேற்குப் பருவமழை ஏமாற்ற, எப்போதும் ஓடும் ஆறுகள் குட்டை குட்டையாக நின்றுபோயின. எதிர்ப்புச் சக்தியே இல்லாத ஈரவலய (மழை அதிகம் பெய்யும் தென்மேற்குப் பகுதி) மக்களிடம் காய்ச்சல் புகுந்து, 1935-க்குள் சுமார் 80,000 பேர் இறந்தார்கள்.

அப்புறம் டிடிடி என்ற கொசுக்கொல்லி மருந்து வந்தது. 1963-இல் நாடு முழுக்க வெறும் 17 நோயாளிகள். முடிந்தது வேலை என்று மருந்தடிப்பதைக் குறைத்தார்கள், கண்காணிப்பும் தளர்ந்தது, மாணிக்கக்கல் தோண்டிய குழிகளில் தண்ணீர் நின்றது. 1968, 69-இல் நோயாளிகள் ஐந்து லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள்! இரண்டாவது சுற்றில்தான் புத்தி வந்தது. நடமாடும் மருத்துவக் குழுக்கள் ஊர் ஊராகப் போய், காய்ச்சல் இருக்கிறதோ இல்லையோ, விரலில் குத்தி இரத்தம் எடுத்துப் பார்த்தன. போர்க் காலத்திலும் மருந்தும் கொசுவலையும் இரு பக்கத்துக்கும் போயின, சுகாதார ஊழியர்களை இரு தரப்பும் பெரும்பாலும் தடுக்கவில்லை. இதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை என்பது என் ஆதங்கம். கடைசி உள்நாட்டு நோயாளி 2012 அக்டோபரில் பதிவானார், உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டம்பர் 5-ஆம் தேதி சான்று கொடுத்தது. அதே ஆண்டு முடிவதற்குள் மன்னாரில் ஒரு புதுக் கொசு சிக்கியது. இந்திய நகரங்களில் மலேரியா பரப்பும் இனம், கிணற்றிலும் தொட்டியிலும் வளரக்கூடியது. எனவே விழா எடுத்துவிட்டுத் தூங்க முடியாது. மாணிக்க வியாபாரத்துக்கு ஆப்பிரிக்கப் பக்கம் போய்த் திரும்புகிறவர்களுக்குக் காய்ச்சல் என்றால் இன்றும் இரத்தம் பார்க்கிறார்கள்.

கேள்வி: யாழ்ப்பாணம் நிலாவரைக் கிணறு வற்றாதது, அடியே இல்லாதது என்கிறார்களே? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: அடி உண்டு. அது சுண்ணாம்புப் பாறை கரைந்து இடிந்து உண்டான பள்ளம். மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறே கிடையாது, மழைநீர் பாறைக்குள் இறங்கிக் கடல்நீரின் மேல் ஒரு படலமாக மிதக்கிறது. கணக்குப்படி, நன்னீர் கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நின்றால் கீழே சுமார் 40 அடி இருக்கும். மோட்டார் போட்டு மேலே அரை அடி இறக்கினால் கீழிருந்து உப்பு எத்தனை அடி ஏறும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். துலா (ஏற்றம்) மிதித்து இறைத்த காலத்தில் இந்தக் கவலை இல்லை. என்னைக் கேட்டால் உப்பைவிட நைட்ரேட்தான் பெரிய தலைவலி. வெங்காயத் தோட்டத்து உரமும் மலக்குழிக் கசிவும் அதே தண்ணீரில்தான் இறங்குகின்றன. கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைக்கிற வீடுகள் கிணற்றுநீரைக் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும், கொதிக்கவைத்தால் நைட்ரேட் போகாது.

கேள்வி: இலங்கையில் காப்பி அழிந்தபோது விஞ்ஞானிகள் என்ன செய்தார்கள்? (வாசகர், கோவை)

பதில்: இலைத்துரு நோய் 1869-இல் கண்ணில் பட்டது, மார்ஷல் வார்டு என்ற இளம் ஆங்கிலேயத் தாவரவியலாளரை 1880-இல்தான் அனுப்பினார்கள். கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களில் வைத்து, காற்றில் வரும் பூஞ்சை வித்துகளைப் பிடித்துக் காட்டினார். மலை மலையாக ஒரே பயிரை நட்டதுதான் நோய்க்குக் கதவு திறந்தது என்றார். சரியான பதில், தாமதமான பதில். தோட்டக்காரர்கள் தேயிலைக்கு மாறி, அதையும் மலை மலையாகத்தான் நட்டார்கள். காப்பிக்குப் பருவத்தில் மட்டும் ஆள் போதும், தேயிலைக்கு வருடம் முழுக்கக் கொழுந்து பறிக்க வேண்டும். வந்து திரும்பிக்கொண்டிருந்த தமிழகத்துத் தொழிலாளிகள் லயன் அறைகளில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) குடும்பத்தோடு தங்கிப்போனதற்கு அந்தப் பூஞ்சையும் ஒரு காரணம்.

கேள்வி: அப்பா வயல் செய்கிறார். எங்கள் பக்கத்துச் சிறுநீரக நோய்க்குக் களைக்கொல்லிதான் காரணம் என்று சிலர், தண்ணீர் என்று சிலர். எதை நம்புவது? (வாசகி, வவுனியா)

பதில்: இதுதான் காரணம் என்று ஒன்றை மட்டும் யாரும் நிரூபிக்கவில்லை. அனுராதபுரம், பொலன்னறுவை மாவட்டங்களில் 1990-களின் நடுவில் தெரியவந்த நோய் இது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இல்லாத விவசாயிகளுக்கு, அதிகமாக ஆண்களுக்கு வருகிறது. கிளைபோசேட் என்ற களைக்கொல்லிதான் குற்றவாளி என்று 2014-இல் ஒரு கருதுகோள் வந்தது, அடுத்த ஆண்டே அரசு தடை போட்டது, 2018-இல் தேயிலைக்கும் ரப்பருக்கும் தளர்த்தியது. எனக்கு அந்த வாதம் முழுதாக ஒட்டவில்லை. மலையகத் தேயிலையில் அதே மருந்தைத் தாராளமாக அடித்தார்கள், அங்கே இந்த நோய் இப்படிப் பரவவில்லையே.

தண்ணீர் பக்கம் சாட்சி கொஞ்சம் பலமாக இருக்கிறது. ஊற்றுநீர் குடிக்கிற குடும்பங்களில் நோய் குறைவு, ஃபுளோரைடும் கடினத்தன்மையும் சேர்ந்த கிணற்றுநீர் குடிக்கிற இடங்களில் அதிகம். வெயிலில் உடம்பு வற்ற வற்ற வேலை செய்வதும் சந்தேகப் பட்டியலில் உண்டு. மத்திய அமெரிக்கக் கரும்புத் தொழிலாளிகளுக்கும் இதே மாதிரி நோய் வருகிறது. ஆனால் வெயிலும் கடின நீரும் மட்டும் போதுமென்றால் யாழ்ப்பாணத்திலும் இதே அளவு இருக்க வேண்டும், இல்லை. பல காரணங்கள் சேர்ந்து அடிக்கிறது என்றே பெரும்பாலான ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள், நானும் அந்தப் பக்கம்தான்.

அப்பாவுக்கு இப்போது செய்ய வேண்டியது வேறு. ஆரம்பத்தில் வலியோ வீக்கமோ இருக்காது, சிறுநீரில் புரதமும் பெரிதாகத் தெரியாது, அதனால் ஒருநாள் கூலி போனாலும் பரவாயில்லை என்று வருடம் ஒருமுறை இரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு) அளவு பார்க்கச் சொல்லுங்கள். குடிக்கச் சமைக்க வடிகட்டிய நீரோ சேமித்த மழைநீரோ இருக்கட்டும், வயலுக்குப் போகும்போதும் அதையே போத்தலில் கொடுத்துவிடுங்கள். மூட்டுவலி என்று கடையில் கேட்டு வாங்கி விழுங்குகிற வலி மாத்திரையை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள்.